முதலிடத்தில் எமா

மாத்தளை டவுனில் ரவூப் ஹாஜியாரின் மிளகு ஸ்டோருக்கு முப்பத்தொரு வருஷமாக ஊர் ஊராகப் போய் மிளகு சேர்த்துக்கொண்டு வருகிறவர் பஸீர். எமா என்றொரு பெண் இந்த உலகத்தில் இருப்பது அவருக்கு அந்தத் திங்கட்கிழமைக் காலையில்தான் தெரிய வந்தது. அதையும் சுவரில் மாட்டியிருந்த டீவிதான் சொன்னது.

டீவியை மாட்டியவர் ஹாஜியாரின் மருமகன் ஷிஹாம். டுபாயில் ஒன்பது வருஷம் ஏதோ கம்பனியில் இருந்துவிட்டு, மாமனாரின் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தவென்றே திரும்பி வந்தவர். வியாபாரம் ஒன்றும் விழுந்து கிடக்கவில்லை. ஆனாலும் வந்த வேகத்துக்கு அதைத் தூக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. முதல் வேலையாக, எடை எழுதிய பழைய கொப்பிகளைக் கட்டுக்கட்டாகக் கொழும்பில் ஒரு கம்பனிக்கு அனுப்பினார். அங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மூன்று வருஷத்துக் கொப்பிகளைப் பதினெட்டே நாளில் கம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்கள். கொப்பிகள் திரும்பி வந்து அலுமாரிக்குள் போயின. கம்பியூட்டருக்குள் போனதற்கு சிஸ்டம் என்று பெயர் வந்தது. அன்றிலிருந்து ஸ்டோரில் யாரும் எதையும் ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடாது. சிஸ்டத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

"நம்ம கம்பனியிட டொப் டென் விவசாயிகள்," என்று ஷிஹாம் ஒரு சின்னக் கோலை அமுக்கினார். டீவியில் பத்துப் பெயர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, தங்க நிறத்தில் ஒரு கிரீடப் படத்தோடு, எமா. ஊர் அளுவிகாரை. வயது முப்பத்தைந்து. மூன்று வருஷத்தில் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்துக் கிலோ மிளகு. இரண்டாம் இடத்துக்காரர் நாலாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார் ரவூப் ஹாஜியார். "யார் வீட்டுப் புள்ள?"

"அத பஸீர் நானாதான் சொல்லணும். சேர்த்தவர்ட பேர் எண்டு போட்டிருக்கிற எடத்துல அவர்ட பேர்தான் ஈக்கி."

அறையிலிருந்த எல்லாரும் பஸீரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள். பஸீருக்கு அப்படியொரு பெயரைக் கேட்ட ஞாபகமே இல்லை. 'எனக்குத் தெரியாதே' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஸ்டோரில் அவருக்காக ஒருவரும் கை தட்டியது கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறை கிடைக்கிற கைதட்டலை எடுத்த உடனே திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? எந்தச் சமயத்துக்கும் பொருந்துகிற ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்."

அடுத்த படத்தில் கிரீடம் இல்லை. அது சிவப்பாக இருந்தது. வருஷத்துக்கு நூறு கிலோகூடத் தராத விவசாயிகளின் பட்டியல். இவர்களுக்காக லொறி ஓடுவது டீசலுக்குப் பிடித்த கேடு என்றார் ஷிஹாம். பட்டியலில் இருந்த நாற்பத்தாறு பேரில் நாற்பத்துநாலு பேர் பஸீரின் ஆட்கள். பலாபத்வலையிலிருந்து மேலே ஏறுகிற தோட்டப் பாதைகளில் இருப்பவர்கள். பஸீர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். ஏழாவது பெயர் மாரிமுத்து. ராஜக்கல் தோட்டம், கீழ்ப் பிரிவு. வருஷத்துக்கு அறுபத்திரண்டு கிலோ.

"தம்பி, மாரிமுத்து ஒரு தடவைக்கே பத்து மூடை தாற ஆள். இது பிழை."

"நானா, நீங்க ஞாபகத்துல பேசுறீங்க. சிஸ்டம் டேட்டாவுல பேசுது."

அத்தோடு பேச்சு முடிந்தது. தோட்டப் பாதைக்குப் போகிற லொறி நிறுத்தப்பட்டது. நாற்பத்தாறு பேருக்கும் 'செயலற்ற விவசாயி' என்று தலைப்பிட்ட கடிதம் போனது. மிச்சமான லொறியும் டீசலும் அளுவிகாரைப் பக்கம் திருப்பி விடப்பட்டன. எமாவுக்கு இருபது மூடை பசளையும், சிறந்த பெண் விவசாயி என்று எழுதிய ஒரு கண்ணாடிக் கேடயமும், பெரிய ரைஸ் குக்கரும் ஒதுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பு பஸீருக்கு.

பஸீர் சிஸ்டத்திலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு முதலில் எடுத்துப் பார்த்தார். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏழு ஏழாக இருந்த அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. பிறகு அளுவிகாரைக்குப் போய் இரண்டு நாள் அலைந்தார். கிராம சேவகர் வாக்காளர் இடாப்பைப் புரட்டிவிட்டு இல்லை என்றார். பள்ளிவாசலில் விசாரித்தார்; கோயிலில் விசாரித்தார். சில்லறைக் கடைக்காரி ஒருத்தி வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் நாத்தனாரின் நாய்க்கு எமா என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாள். அந்த நாய்க்கு மிளகுத் தோட்டம் உண்டா என்று கேட்கிற அளவுக்கு பஸீர் இன்னும் வரவில்லை.

"நான் ஏன் அண்டைக்கே சொல்லல்ல?" என்று வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். சொல்லியிருந்தால் ஒரு நாள் வெட்கத்தோடு போயிருக்கும். இப்போது ஒவ்வொரு நாளும் அந்த வெட்கத்துக்குக் குட்டி பிறந்துகொண்டிருந்தது. ஸ்டோருக்குத் திரும்பி, "பிள்ள ஊர்ல இல்லையாம்," என்றார். அது பொய்யுமில்லை.

அதற்குள் ஷிஹாம் எமாவைப் பற்றி ஜேர்மனிக்கு எழுதிவிட்டார். அங்கே இயற்கை மிளகு வாங்குகிற ஒரு கம்பனி இருந்தது. மிளகின் ருசியோடு சேர்த்து, அதை விளைவித்தவரின் கதையையும் பெட்டியில் அச்சிட்டு விற்பது அவர்களுடைய வழக்கம். இளம் பெண், தனி ஒருத்தி, வருஷத்துக்குப் பதின்மூன்று தொன். அவர்களுக்கு அந்தக் கதை ரொம்பவே பிடித்துப்போனது. உடனே பத்துத் தொன்னுக்கு ஓர்டர் வந்தது. எமாவின் படம் கேட்டார்கள். ஷிஹாம், ஆள் ஊரில் இல்லாதபடியால், கம்பியூட்டரிலேயே ஒரு படம் செய்து அனுப்பினார். தலையில் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். கூடையில் இருந்தது மிளகா திராட்சையா என்று சரியாகத் தெரியவில்லை. ஆனால் சிரிப்பு நன்றாக இருந்தது.

அறுவடை வந்தது. லொறி வாரத்துக்கு மூன்று தடவை வெறும் சாக்குகளோடு அளுவிகாரைக்குப் போய், வெறும் சாக்குகளோடு திரும்பியது. மற்ற வருஷங்களில் மூடை அடுக்க இடமில்லாமல் நடைபாதை வரை நிறைகிற ஸ்டோரில், இந்த வருஷம் தரையின் சீமெந்து தெரிந்தது. பத்துத் தொன் அனுப்ப வேண்டிய இடத்தில் மூன்றுகூடச் சேரவில்லை.

ஷிஹாம் டீவியைப் போட்டார். கோடு ஒன்று செங்குத்தாகக் கீழே இறங்கியது.

"பிரச்சினை எங்க எண்டு தெளிவா தெரியுது," என்றார். "எல்லாரும் வழக்கம்போல தாறாங்க. எமா மட்டும்தான் இந்த முறை ஒரு கிலோகூடத் தரல்ல."

எமாவுக்கு ஞாபகமூட்டல் மெசேஜ் அனுப்பச் சிஸ்டத்துக்குக் கட்டளை போனது. சிஸ்டம் ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்குத் தவறாமல் அனுப்பியது. ரவூப் ஹாஜியார் மட்டும் மெசேஜோடு நிற்கிறவர் இல்லை. பஸீரைத் தனியே கூப்பிட்டார்.

"பஸீர், அந்தப் புள்ளைக்கு சுகமில்லையோ என்னமோ. மூணு வருஷமா நமக்கு இவ்வளவு செஞ்ச புள்ள. ஜும்ஆவுல நான் அல்லாஹ்கிட்ட துஆ கேட்டேன். இந்தா, இந்தப் பழக்கூடைய கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கூடையில் அப்பிளும் தோடம்பழமும் ஒரு போத்தல் தேனும் இருந்தன. பஸீர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். முதலாளியின் கண்ணில் உண்மையான கவலை இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை. இனி எமாவைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நேரே ஸ்டோரின் பின்னறைக்குப் போனார்.

பின்னறையில் ஸஜீதா இருந்தாள். சிஸ்டம் வருவதற்கு முன் கொப்பிகளைப் பார்த்து மாத முடிவில் ஹாஜியாருக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது கடிதங்களுக்கு முத்திரை ஒட்டுகிறாள்.

"தங்கச்சி, எமா மொத மொத எண்டைக்கு மிளகு தந்தா எண்டு சிஸ்டத்துல பார்க்கலாமா?"

ஸஜீதா தட்டிப் பார்த்து ஒரு திகதியைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு ஜனவரி. பஸீர் அலுமாரியைத் திறந்து, தூசு தட்டி, அந்த மாதத்துக் கொப்பியை எடுத்தார். அவருடைய கையெழுத்துத்தான். அதைத் திரும்பப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. விரலை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"மாரிமுத்து, முப்பத்தொண்டு கிலோ. எம, முப்பது. எம, முப்பத்திரெண்டு. எம, இருபத்தொன்பது. எம..."

விரல் நின்றது.

சிங்களத்தில் 'எம' என்றால் மேற்படி என்று அர்த்தம். மேலே சொன்ன அதே ஆள். பஸீர் சின்ன வயதில் யட்டவத்தையில் ஒரு கூட்டுறவுக் கடையில்தான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இடாப்பெல்லாம் சிங்களத்தில்தான். பத்து மூடை கொண்டுவருகிற ஒருவரின் பெயரைப் பத்துத் தடவை எழுதுகிற மூடன் யாருமில்லை. முதல் வரியில் பெயர், கீழே எல்லாம் 'எம'. கடையை விட்டு வந்தாலும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு மூடையையும் தனியாக நிறுத்து, ஈரம் பார்த்து, தனி வரியில் எழுதுகிற வேலையில் அது பெரிய வசதி. ஸ்டோரில் அதைப் பார்க்கிற எல்லாருக்கும் அது விளங்கும். கொழும்பிலே பதினெட்டு நாளில் முடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் விளங்கவில்லை. அவர்கள் கண்டதைக் கண்டபடி ஆங்கிலத்தில் அடித்தார்கள்; 'எம' எமா ஆனது. ஊர் எழுதாத இடத்தில் பட்டியலின் முதல் ஊரைப் போட்டார்கள். பிறந்த திகதி இல்லாமல் சிஸ்டம் நகர மறுத்தபோது ஒரு பிறந்த திகதியையும் கொடுத்தார்கள். இப்படித்தான் நாற்பத்துநாலு பேரின் முதல் மூடை அவரவர் பெயரில் நிற்க, மீதி மூடையெல்லாம் ஒரே பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

"ஸஜீதா," என்றார் பஸீர். "எமா நான்தான்."

அவர் சொன்னது ஸஜீதாவுக்கு முதலில் விளங்கவில்லை; கொப்பியை வாங்கிப் பார்த்தாள். விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினாள். முத்திரைகள் பறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி சிரித்தாள். பஸீர் சிரிக்கவில்லை. அவர் மனதில் அந்தச் சிவப்புப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. மாரிமுத்துவை வெட்டியது தன்னுடைய பேனைதான்.

"உடனே போய்ச் சொல்லிருங்க நானா," என்றாள் ஸஜீதா, சிரிப்பு அடங்கியதும்.

போய்ச் சொன்னார். கொப்பியைத் திறந்து காட்டியே சொன்னார். ஷிஹாம் அமைதியாகக் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு தானாகச் சரியானது.

"நானா, சிஸ்டத்துல அவக்கு ஐடி நம்பர் ஈக்கி. இல்லாத ஆளுக்கு எப்பிடி ஐடி வரும்?"

"தம்பி, நான்தான் எழுதினேன். எண்ட கைதான்."

"சரி, அப்பிடியே வச்சுக்குவோம். இப்ப என்ன செய்ய? ஜேர்மன் மேடம் வியாழக்கிழம வாறாங்க. எமாவப் பார்க்கத்தான் வாறாங்க. பெட்டியெல்லாம் அச்சடிச்சாச்சு. நாப்பதாயிரம் பெட்டி." ஷிஹாம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொம்பளய கூட்டிட்டு வாங்க நானா. தோட்டத்து ஆளா ஈக்கட்டும், இங்கிலீஷ் தெரியாத ஆளா ஈக்கட்டும். மொழிபெயர்ப்ப நான் பார்த்துக்கொள்றேன்."

பஸீர் அடுத்த நாள் பஸ்ஸில் பலாபத்வலையில் இறங்கி, தோட்டப் பாதையில் நடந்து ஏறினார். லொறி இல்லாமல் அந்த ஏற்றத்தில் ஏறுவது அவருக்கு அதுவே முதல் தடவை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பாதையோரம் கிளிசரியா மரங்களில் சுற்றியிருந்த மிளகுக் கொடிகள் அறுவடை முடிந்து வெறுமையாய் இருந்தன. ஆக, மிளகு விளைந்திருக்கிறது. எங்கோ போயும் இருக்கிறது.

மாரிமுத்து வீட்டு வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பஸீரைப் பார்த்து எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாட்சி வந்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதிருக்கும். கையில் ஒரு கடுதாசி.

"வாங்க நானா. செயலற்ற விவசாயி வீட்டுக்கு வந்திருக்கீங்க. உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன். அதையாவது செய்ய வுடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"தங்கச்சி, கோவப்படாதீங்க..."

"கோவமா? காய வச்ச மெளக மூடையா கட்டி ரோட்டுல வச்சுக்கிட்டு மூணு நாளு ஒங்க லொறிக்கு நின்னோம். மழ வந்துச்சு. ரெண்டு மூட பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. நாலாம் நாளு இந்தக் கடுதாசி வருது. அப்பறம் தம்புள்ளை யாவாரி ஒருத்தரு வந்தாரு. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்தப் பக்கம் எல்லார்கிட்டயும் அவருதான் வாங்குறாரு."

பஸீர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நடந்ததை முழுவதும் சொன்னார். கைதட்டலை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்ததையும் மறைக்கவில்லை. மாரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கமலாட்சி சிரிக்காமல் கேட்டாள்.

"ஆக, எங்க மெளகத்தான் அந்தப் பொம்பள பேருல ஏத்தி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"இப்ப அவளா வந்து என்னய நிக்கச் சொல்றீங்க."

பஸீர் கோப்பைக்குள் பார்த்தார். "வர ஏலாதுண்டு சொல்லுங்க தங்கச்சி. நான் போய் அப்பிடியே சொல்லிர்றேன். சத்தியமா எனக்கு அது நிம்மதி."

கமலாட்சி அந்தக் கடுதாசியை நாலாக மடித்தாள். "வர்றேன்," என்றாள். "லொறி மறுபடி இங்க வரணும்னா அந்த மேடத்தப் பாத்துத்தான் ஆகணும். ஆனா பேசறது நாந்தான்."

வியாழக்கிழமை ஸ்டோர் கழுவி, வாசலில் வாழை கட்டி, வெறும் சாக்குகளை மரத்தூளால் நிரப்பி அடுக்கியிருந்தார்கள். ஜேர்மன் பெண்ணின் பெயர் பிர்கிட். உயரமான, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த அம்மாள். வந்ததும் சாக்குகளைப் பார்க்காமல் எமாவைத்தான் கேட்டாள். ரவூப் ஹாஜியாரும் ஆவலோடு கழுத்தை நீட்டினார். கமலாட்சி கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையில் வந்து நின்றதும், "இப்ப சுகமா மகள்?" என்று கேட்டுவிட்டார். கமலாட்சி பஸீரைப் பார்த்தாள். பஸீர் தரையைப் பார்த்தார்.

பிர்கிட் இரண்டு கையாலும் கமலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"வருஷத்துக்குப் பதிமூணு தொன் எப்பிடி தனியா வெளவிக்கிறீங்க எண்டு கேக்கிறாங்க," என்றார் ஷிஹாம்.

"எங்களுக்கு இருக்கறது ஒன்றர ஏக்கரு. நல்ல வருஷம்னா அறுநூறு கிலோ வரும். அதச் சொல்லுங்க."

ஷிஹாம் பிர்கிட்டின் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, மண்ணைத் தாயாக நினைத்து உழைப்பதே தன் ரகசியம் என்று எமா சொல்வதாக ஆங்கிலத்தில் சொன்னார். பிர்கிட் கண் கலங்கி அதைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

கமலாட்சி ஷிஹாமை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்திலேயே பேசினாள்.

"மேடம், தெர் இஸ் நோ எமா."

கமலாட்சி சைப்ரஸில் ஏழு வருஷம் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்தம்மாவுக்கு மருந்துச் சீட்டு வாசித்ததும், டொக்டரோடு சண்டை பிடித்ததும் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அது பஸீருக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சிஸ்டத்துக்கும் தெரியாது. இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நிறுத்தி நிறுத்தி, கமலாட்சி எல்லாவற்றையும் சொன்னாள். மேற்படி என்பதைச் சொல்ல அவளுக்கு ஆங்கில வார்த்தை வரவில்லை. பிர்கிட்டின் குறிப்பேட்டையே வாங்கி, தன் பெயரை எழுதி, அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு போட்டுக் காட்டினாள். பிர்கிட் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷிஹாம் ஏதோ சொல்ல வந்தார். அதற்கு முன் பஸீர் முன்னால் வந்தார். கையில் கொப்பிகள் இருந்தன. காலையிலேயே அலுமாரியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்திருந்தார்; சொல்வதா வேண்டாமா என்று அதுவரை முடிவெடுத்திருக்கவில்லை.

"நான்தான் எழுதினது," என்று சிங்களத்தில் பிர்கிட்டின் சாரதியிடம் சொன்னார். "அந்த மேடத்துக்குச் சொல்லுங்க. கம்பியூட்டர்ல அடிச்ச புள்ளைகள்ல பிழையில்ல."

பிர்கிட் வாழை கட்டிய வாசலிலேயே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணிநேரம் பஸீர் வரி வரியாக வாசிக்க, கமலாட்சி மொழிபெயர்க்க, ஸஜீதா சரிபார்த்தாள். முடிவில் பிர்கிட் கோபப்படவில்லை, கத்தவில்லை. அது ஷிஹாமுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொரு கிலோவும் எந்தக் கொடியிலிருந்து வந்ததென்று காட்ட முடிந்தால்தான் தன் கம்பனி வாங்கும் என்றாள். கொப்பியோடு ஒத்துப்போகிற இரண்டே முக்கால் தொன்னை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மிச்ச ஓர்டர் ரத்து. நாற்பதாயிரம் பெட்டியையும் கூழாக்கத்தான் வேண்டும். காரில் ஏறும்போது கமலாட்சியின் தோளைத் தட்டினாள். ஹாஜியாருக்குக் கை கொடுத்தாள். ஷிஹாமைப் பார்த்து, நீங்கள் செய்த மொழிபெயர்ப்பு அழகாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

கார் போனதும் ரவூப் ஹாஜியார் மரத்தூள் மூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"பஸீர், அப்ப நான் துஆ கேட்டது யாருக்கு?"

பஸீர் வாசலில் கிடந்த கதிரையை எடுத்து உள்ளே வைத்தார். "கமலாட்சியிட ஆக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் முதலாளி. மூணு நாள் மழையில நிண்டவங்க."

அடுத்த நாளே சிவப்புப் பட்டியலிலிருந்த நாற்பத்தாறு பேரின் வீட்டுக்கும் ஹாஜியாரே நேரில் போனார். எல்லாரும் மரியாதையாகத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பதினேழு பேர் மட்டுமே மறுபடி மிளகு தருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தம்புள்ளை வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் கடிதம் போடுவதில்லை, ஒழுங்காக லொறி அனுப்புகிறார் என்றார்கள். முப்பது வருஷத்தில் கட்டிய பாதை ஒரே அறுவடையில் கையைவிட்டுப் போயிருந்தது.

ஸஜீதாவும் பஸீரும் ஐந்து வாரம் பின்னறையில் உட்கார்ந்து, கொப்பியிலுள்ள ஒவ்வொரு 'எம'வையும் அதன் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எமா முதலாம் இடத்திலிருந்து இறங்கி, பத்தாம் இடத்துக்கு வந்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் காணாமல் போனாள். அந்த ஐந்து வாரமும் ஷிஹாம் அந்தப் பக்கமே வரவில்லை. கொழும்பில் பெரிய ஹோட்டலொன்றில், தரவுகளின் தூய்மை பற்றி இளம் வியாபாரிகளுக்கு அவர் ஓர் உரை நிகழ்த்தியதாகவும், கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டியதாகவும் பிறகு பேப்பரில் வந்தது. பெயருக்கு முன்னால் தரவுத் தர நிபுணர் என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த பருவமான சிறுபோகத்து மிளகு பழுத்தபோது லொறி மறுபடி ராஜக்கல் பாதையில் ஏறியது. கமலாட்சி வீட்டில் ஏழு மூடை தயாராக இருந்தது. மாரிமுத்து ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைத்தார். கமலாட்சி பஸீரின் பக்கத்தில் வந்து நின்று, கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

பஸீர் முதல் மூடையை நிறுத்து, ஈரம் பார்த்து, மாரிமுத்து என்று எழுதினார். இரண்டாவது மூடைக்கும் கை பழைய வழியில் போகப் பார்த்தது. அதை அடக்கி, மறுபடி மாரிமுத்து என்று முழுதாக எழுதினார். அவருக்கே தன்மேல் ஒரு திருப்தி வந்தது.

"நானா, இந்த நெலத்துக் குத்தகைப் பத்திரம் யாரு பேருல இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள் கமலாட்சி.

"மாரிமுத்துட பேர்லதானே?"

"எம்பேருல. கொடி அத்தனையும் நான் சைப்ரஸ்ல ஒழச்சு வச்சது. அவரு தூக்கிட்டு வருவாரு, அவ்வளவுதான். வேணும்னா அவரயே கேளுங்க."

மாரிமுத்து மூடையைத் தோளில் வைத்தபடியே ஆமாம் என்று தலையசைத்தார்.

"இல்லாத ஒரு பொம்பளைய ஒங்க கொப்பியில மூணு வருஷமா மொத எடத்துல வச்சிருந்தீங்க," என்றாள் கமலாட்சி. "இருக்கறவ பேர ஒரு நாளும் எழுதல."

பஸீரின் பேனை அந்தரத்தில் நின்றது. ஐந்து வாரம் உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சரி செய்த கொப்பிகளை நினைத்தார். பலாபத்வலையிலிருந்து மேலே எத்தனை வீடு, எத்தனை பேர் தூக்கிவந்த மூடை யாருடையது என்று, இனி எத்தனை வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தார். பிறகு எழுதிய இரண்டு வரியையும் மெதுவாக வெட்டினார்.

"உங்கட பேர எப்பிடி எழுதணும் தங்கச்சி? அடையாள அட்டையில எப்பிடி ஈக்கி?"

"அதுல கமலாச்சின்னு போட்டிருக்கானுங்க. திருத்தக் குடுத்து நாலு வருஷமாச்சு." அவள் கொப்பியை விரலால் தொட்டுக் காட்டினாள். "நீங்க நான் சொல்றத எழுதுங்க."

ஒவ்வொரு எழுத்தாக அவள் சொன்னாள். அவர் எழுதினார்.